தலையணைப் படிவம்

மனிதனை ஓர் இடத்தில் கட்டிப்போடும் கயிறு பணம் அல்ல, பண்பாடு. இந்தப் பேருண்மையைக் கண்டடைய மனித குலத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன. மெத்தைக் கடை மேலாளருக்கு இரண்டு நாள் பயிற்சி முகாம் போதுமானதாக இருந்தது. மதியச் சாப்பாடும் அதில் அடக்கம்.

முகாமிலிருந்து திரும்பிய மறுநாளே அந்த வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, ஊழியர்கள் கைகழுவும் இடத்துக்கு மேலே ஒட்டினார். ஒட்டிய வாரத்தில் இரண்டு பேர் வேலையை விட்டார்கள். ஒருவர் எதிர் வரிசையில் இருந்த சோபாக் கடைக்கும், இன்னொருவர் அதற்குப் பக்கத்துத் திரைச்சீலைக் கடைக்கும் போனார்கள். வாக்கியம் அருமையாக இருக்கிறது என்று இருவருமே சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

கடை நீளமானது. இரண்டு வரிசையில் இருபத்திரண்டு மெத்தைகள். வாடிக்கையாளர் செருப்போடு படுத்துப் பார்க்க வசதியாக ஒவ்வொன்றின் கால்மாட்டிலும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. கடைசியில் மேலாளரின் கண்ணாடி அறை. அங்கிருந்து பார்த்தால் இருபத்திரண்டு மெத்தையும் தெரியும். யார் பேசுவதும் கேட்காது. பதினோரு வருடமாக அவர் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். அதற்கு முன் எட்டு வருடம் வெளியே நின்று மெத்தை விற்றார். விற்றார் என்று சொல்வது மரியாதைக்காக. அவர் பேசப் பேச வாடிக்கையாளர்கள் வாசலை நோக்கி நகர்வதைக் கவனித்த அந்தக் கால நிர்வாகம், அவரை உள்ளே உட்காரவைத்தால் விற்பனை கூடும் என்று முடிவெடுத்தது. கூடியது. அதைப் பதவி உயர்வு என்று அவர் வீட்டில் சொல்லியிருந்தார்.

வருடம் முடிய ஒன்பது வாரம் இருந்தபோது மண்டல மேலாளர் தொலைபேசியில் வந்தார். அவர் இவரைவிடப் பத்து வயது இளையவர். எல்லோரையும் 'பாஸ்' என்று கூப்பிடுவார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும்போது எதிராளி தான் பாஸ் அல்ல என்று உடனே உணர்ந்துவிடுவார்.

"பாஸ், இந்த வருஷம் உங்க கிளையில எத்தனை பேர் போயிருக்காங்க?"

"ஆறு பேர் சார். எல்லாரும் நல்ல மனசோட போனாங்க."

"மனசு கெடக்கட்டும். ஏழாவது ஆள் போனா, விதிப்படி வருஷக் கடைசியில கிளை மேலாளரை மாத்தணும். உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், பயப்படாதீங்க. உங்களுக்குத்தான் விற்பனை அனுபவம் இருக்கே. வெளிய இறங்கி விக்கலாம்."

மேலாளர் ரிசீவரை மெல்ல வைத்தார். வீட்டுக்கு அனுப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வெளியே இறங்கி விற்பதை நினைத்ததும் எழுந்து போய்க் கண்ணாடி அறைக் கதவைத் தாழிட்டார்.

ஆட்களைத் தக்கவைக்க அவர் எதுவும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தினம் காலை ஒன்பதே முக்காலுக்கு எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, "நாம் யார்?" என்று கேட்பார். "ஒரே குடும்பம்!" என்று கத்த வேண்டும். "குடும்பம்தான் சார்" என்றார் ஒருநாள் சித்தப்பா. "வீட்லயும் இப்படித்தான். செஞ்சா கண்டுக்க மாட்டாங்க, செய்யலைன்னா விட மாட்டாங்க."

சித்தப்பாவுக்கு வயது முப்பத்தெட்டுதான். முகம் மட்டும் பிறவியிலேயே சித்தப்பா முகம். யாரைப் பார்த்தாலும் நாலு புத்திமதி சொல்லத் தயாராக இருக்கும்.

சிறந்த ஊழியர் படம் மாட்ட ஒரு சட்டமும் வாங்கினார். படம் மாட்டப்பட்டவர்கள் அடுத்தடுத்து விலகியதால், சட்டத்துக்குள் ஒரு கண்ணாடியைப் பொருத்தி, 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர் இவரே' என்று கீழே எழுதிவைத்தார். பார்க்கிற எவருக்கும் தன்னம்பிக்கை பொங்கும் என்பது ஏற்பாடு. ஊழியர்கள் அதில் தலைவாரினார்கள்.

பிறகு மணி. ஒவ்வொரு மெத்தை விற்றதும் மணியடித்து எல்லோரும் கைதட்ட வேண்டும். மற்றக் கடைகளில் இது நல்ல பலன் தந்திருக்கலாம். இங்கே எந்நேரமும் நாலைந்து பேர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். முதல் நாள் மணியடித்தபோது ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வந்த வழியே போனார். அவர் இரண்டு மெத்தைக்குப் பேரம் முடித்திருந்தார். அதன்பிறகு மணியின் நாக்கில் துணி சுற்றப்பட்டது. அடித்தால் கேட்காது, ஆனால் அடித்தாக வேண்டும்.

மேலாளருக்கு உண்மையிலேயே கைவந்த கலை ஒன்று உண்டு. அது பிரிவு உபசாரம். யாராவது விலகினால் கேக் வெட்டி, கம்பெனி செலவில் ஒரு நுரைத் தலையணை பரிசளித்து, அவர் ஓர் உரை நிகழ்த்துவார். அதைக் கேட்டுக் கண்கலங்காதவர் இல்லை. "இவர் வெறும் விற்பனையாளராக இருக்கவில்லை, இந்தக் கடையின் முதுகெலும்பாக இருந்தார்" என்று ஆரம்பிப்பார். ஒரே வருடத்தில் ஆறு முதுகெலும்புகள் போன பிறகும் கடை எப்படியோ நின்றுகொண்டிருந்தது. விலகிப் போன ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "சார், இதைப் போன மாசமே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று முடிக்காமல் நிறுத்தினார். தன் பேச்சின் வலிமையால் அவருக்கு வார்த்தை வரவில்லை என்று மேலாளர் எடுத்துக்கொண்டார்.

இப்போது கடையில் விற்பனைக்கு மிச்சமிருந்தவர்கள் மூன்று பேர். சித்தப்பா, புதுசு, டாக்டர்.

புதுசு நாலு மாதத்துக்கு முன்பு சேர்ந்த பெண். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் ஆறு மாதம் இலக்கு எட்டு மெத்தைதான். அதற்கு மேல் விற்கும் ஒவ்வொன்றுக்கும் ஊக்கத்தொகை. புதுசு மாதம் ஒன்பது விற்று, ஒன்றுக்கு ஊக்கத்தொகை வாங்கி, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு வேறு சட்டம். இலக்கை எட்டினால் அடுத்த மாதம் இலக்கு கூடும். இதை முதல் மாதமே புரிந்துகொண்ட ஒரே மனிதர் சித்தப்பா. அவருடைய இலக்கு பதினாலு. ஏழு வருடமாகப் பதினாலு. பதின்மூன்றாவது மெத்தை விற்றதும் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் வாடிக்கையாளரிடம், "மெத்தை எதுக்குங்க, எதுத்தாப்ல சோபா நல்லா இருக்கும், போய்ப் பாருங்க" என்பார்.

டாக்டருக்கு அந்த சாமர்த்தியம் இல்லை. டாக்டர் என்பது பட்டப்பெயர்தான். நாற்பத்தோரு வயதுப் பெண், எட்டு வருட அனுபவம். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "வீட்ல யாருக்குத் தூக்கம் வரல?" என்று கேட்பார். அவ்வளவுதான். அதன்பிறகு கேட்டுக்கொண்டே நிற்பார். முதுகுவலியில் ஆரம்பித்து, மாமியார், மகன், மேலதிகாரி, குறட்டை என்று எல்லாம் வரும். கடைசியில் அவர்களே ஒரு மெத்தையைக் காட்டி, "இதைக் கட்டுங்க" என்பார்கள். வலி என்று வந்து நிற்பவரை மாதக் கடைசி என்பதற்காகத் திருப்பியனுப்ப டாக்டருக்கு மனம் வராது. அதனால் இலக்கை எட்டினார், இலக்கு கூடியது, மறுபடி எட்டினார். இப்போது இலக்கு முப்பத்திரண்டு. மூன்று மாதமாக அவர் முப்பத்தொன்று, முப்பது, முப்பத்தொன்று என்று விற்று, பைசா ஊக்கத்தொகை வாங்காமல் இருந்தார். கடையின் பாதிக்கு மேற்பட்ட விற்பனை அவருடையது.

மண்டலத்தின் தொலைபேசி வந்த மறுநாள், புதன்கிழமை, டாக்டர் கண்ணாடி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். சித்தப்பா ஏதோ வேலையாக ஏற்கெனவே உள்ளே நின்றுகொண்டிருந்தார். வெளியே ஒரு வாடிக்கையாளர் இருந்தார், சித்தப்பாவுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது.

"சார், சோபாக் கடையில கூப்பிடுறாங்க. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

மேலாளருக்கு ஏழு என்ற எண் கண்முன்னால் வந்து நின்றது.

"ஏம்மா, என்னம்மா குறை இங்க? நாம ஒரே குடும்..."

"குறையெல்லாம் ஒண்ணுதான் சார். புதுசோட இலக்கை எனக்குக் குடுங்க, என்னோடதை அவளுக்குக் குடுங்க."

"அவ பாவம்மா."

"அப்ப சித்தப்பாவோடதைக் குடுங்க."

"நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றார் சித்தப்பா. "டாக்டரம்மா, தப்பு உங்க மேலதான். உங்களை யாரு எட்டச் சொன்னது? எட்டாம நிக்கத் தெரியணும். அது ஒரு பயிற்சி."

"போன வருஷ இலக்கையே வெச்சாக்கூடப் போதும் சார்" என்றார் டாக்டர். "நான் எங்கயும் போகல."

மேலாளர் அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். இலக்கைக் குறைப்பது வழக்கத்தில் இல்லை என்றும், இத்துடன் இணைத்துள்ள ஊக்கப் படத்தை ஊழியருக்குக் காட்டவும் என்றும் பதில் வந்தது. பன்னிரண்டு நிமிடப் படம். ஒருவர் பனிமலை ஏறுகிறார். 'இலக்கு என்பது மலை; நீ ஏற ஏற நீ உயர்கிறாய்' என்கிறது குரல். டாக்டர் முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். ஆனா அவரு உச்சிக்குப் போனதும் யாரும் மலையை ஒசத்தலையே?"

வியாழன் காலை மேலாளர் வீட்டில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டார். அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினமும் நாற்பது ஐம்பது பேர் கையில் ஊசி குத்துவதால், அடுத்தவர் முகம் சுருங்குவது அவரை அவ்வளவாகப் பாதிக்காது.

"என்னங்க, யாருக்காவது பிரிவு உபசாரமா? முகமே சரியில்ல."

"டாக்டர் போயிடும்போல. போச்சுன்னா நான் வெளிய நின்னு விக்கணும்."

"நீங்களா?" மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்தார்; முழுவதும் முடியவில்லை. "கல்யாணம் பேச வந்து உங்களைப் பத்தி நீங்களே பேசினப்பவே எங்கப்பா பாதியில எழுந்து போயிட்டாரு."

"விளையாடாத."

"சரி, கேளுங்க. போறவங்களுக்கு உருகி உருகிப் பேசுறீங்க. இருக்கிறவங்களுக்கு நாலு வார்த்தை நல்லதா சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா? பதினாறு வருஷமா இந்த வீட்ல இருக்கேன். நான் போனாத்தான் நல்ல சமையல்னு சொல்வீங்கன்னா இப்பவே சொல்லுங்க, பெட்டியை எடுத்துக்கறேன்."

மேலாளர் குறிப்பேட்டை எடுத்து, 'எனக்குத் தோன்றியது: இருப்போருக்கும் உரை' என்று எழுதிக்கொண்டார்.

கடைக்குப் போனதும் வேலையில் இறங்கினார். சனிக்கிழமை காலை, கடை திறக்கும் முன், டாக்டருக்கு ஒரு பாராட்டு விழா. எப்படி நடத்துவது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. அவருக்குத் தெரிந்த விழா ஒன்றுதான். கேக்குக்குச் சொன்னார். பழைய கோப்பிலிருந்து மிகச் சிறந்த பிரிவு உரையை எடுத்து, பெயர் இருந்த இடத்தில் மட்டும் மாற்றினார். மிச்சம் தலையணைதான்.

கடையில் எழுபது தலையணை இருந்தன. ஆனால் பரிசுத் தலையணை வேறு கணக்கு. அதைத் தலைமை அலுவலகக் கிடங்கிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அதற்குக் கணினியில் ஒரு படிவம் உண்டு. தலையணை என்ற சொல் வருகிற ஒரே படிவம் அதுதான். ஆறு முறை நிரப்பியிருந்ததால் தலைப்பைப் படிக்கும் பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது. ஊழியர் எண், பெயர், விழா நாள் என்று வேகமாக நிரப்பிக்கொண்டே போனவரை, 'காரணம்' என்ற கட்டம் மட்டும் தடுத்தது. சம்பளம், தூரம், உடல்நிலை, மேலாளர், பிற என்று ஐந்து இருந்தன. எதையாவது தேர்ந்தெடுக்காமல் படிவம் நகராது. 'பிற' என்பதைத் தட்டினார். விவரம் கேட்டது. 'மிகச் சிறப்பாகப் பணியாற்றியதால்' என்று எழுதி அனுப்பினார். வெள்ளிக்கிழமை மதியமே தலையணை வந்துவிட்டது. தலைமை அலுவலகம் இவ்வளவு வேகமாக எதையும் அனுப்பியதில்லை என்று மகிழ்ந்தார்.

சனிக்கிழமை. கடையில் நாற்காலி கிடையாது என்பதால் எல்லோரும் மெத்தை ஓரங்களில் உட்கார்ந்தார்கள். பில் கவுன்ட்டர் மேல் கேக். அதற்குப் பக்கத்தில், ரிப்பன் கட்டிய தலையணை.

தலையணையைப் பார்த்ததும் புதுசு இயர்போனைக் கழற்றினாள். "யாரு போறா?" என்று சித்தப்பாவிடம் கிசுகிசுத்தாள்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "இவர் வெறும் விற்பனையாளராக இருக்கவில்லை. இந்தக் கடையின் முதுகெலும்பாக இருந்தார். தூக்கமில்லாதவர்களின் தோழியாக இருந்தார். காலையில் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அழகை இந்தச் சுவர்கள் மறக்காது. எத்தனை வலிகளைக் கேட்டார்! ஒருமுறையாவது தன் வலியைச் சொன்னாரா?"

நிகழ்காலத்தில் யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத மனிதர். கோப்பில் எப்படி இருந்ததோ அப்படியே வாசித்தார். சித்தப்பா வாய்விட்டு அழுதார். அழுகைக்கு நடுவிலேயே, "டாக்டரம்மா, உங்க லாக்கருக்குப் பூட்டு நல்லா வேலை செய்யுது. எனக்கு விட்டுட்டுப் போங்க" என்றார்.

"எனக்கு அந்த ஸ்டூல்" என்றாள் புதுசு.

டாக்டர் கையைத் தூக்கினார். "சார், என்னை வேலையை விட்டு எடுக்கிறீங்களா?"

"ஐயையோ! நீங்க இருக்கணும்னுதாம்மா இவ்வளவும்."

"அப்ப தலையணை?"

"அதுவும் இருக்கிறதுக்குத்தாம்மா."

டாக்டர் தலையணையை மடியில் வைத்து அமுக்கிப் பார்த்தார். எட்டு வருடத்தில் எத்தனையோ பேருக்கு விற்ற தலையணை. தன் வீட்டில் ஒன்று கிடையாது.

"இதுல பாதியைப் போன வருஷமே சொல்லியிருக்கலாம் சார்" என்றார். "மீதிப் பாதிக்குப் பதிலா இலக்கைக் குறைச்சிருக்கலாம்." சற்று நிறுத்திவிட்டு, "அந்தப் பேப்பரைக் குடுங்க. எங்க வீட்டுக்காரருகிட்டக் காட்டணும். தூக்கத்துல நடக்கிற மாதிரி வேலைக்கு வந்து போறேன்னு சொல்றாரு மனுஷன்" என்று உரையைக் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சோபாக் கடைக்கு வேணாம்னு சொல்லிடுறேன்."

மேலாளர் அன்று இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார். குறிப்பேட்டில், 'பண்பாடு வென்றது' என்று எழுதித் தேதியும் போட்டார்.

திங்கட்கிழமை காலை, வருகைப் பதிவு இயந்திரம் டாக்டரின் விரலை ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், கட்டை விரலை வைத்தார், இடது கையை வைத்தார். 'அறியப்படாத நபர்' என்றது. மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். மனிதவளப் பிரிவில் ஓர் அமைதியான குரல் எடுத்தது.

"அந்த எண்ணை வெளியேற்றியாச்சு சார். உங்க படிவம் வியாழக்கிழமையே வந்துருச்சே."

"நான் தலையணைதானே கேட்டேன்?"

"ஆமா சார். வெளியேறுறவங்களுக்குத்தானே தலையணை. தலைப்பைப் பாருங்க, 'பணி விலகல் மற்றும் தலையணை வழங்கல்'."

"அவங்க விலகவே இல்லைங்க! இதோ என் எதிர்ல நிக்கிறாங்க!"

"மிகச் சிறப்பாகப் பணியாற்றியதால்னு காரணம் நீங்களே எழுதியிருக்கீங்க சார். இங்க எல்லாருமே பாத்தோம். வித்தியாசமா இருந்துச்சு, ஆனா 'பிற'ங்கிற கட்டத்துல எது எழுதினாலும் செல்லும்."

"தலையணையைத் திருப்பி அனுப்பிடறேன். ரத்து பண்ணுங்க."

"ரத்துன்னு ஒண்ணு இல்லை சார். சேர்க்கை இருக்கு, வெளியேற்றம் இருக்கு. அவங்க வேணும்னா புதுசா சேரட்டும்."

"வெளியேற்றக் கணக்கு?"

"உங்க கிளைக்கு ஏழு சார்."

மேலாளர் ரிசீவரை வைத்தார். கண்ணாடிக்கு வெளியே டாக்டர் இன்னமும் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலாளர் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது குரல் கம்மியது. தன் வேலையைப் பற்றிய கம்மல்தான், ஆனால் கேட்பவர்களுக்கு அனுதாபம்போல இருந்தது.

சித்தப்பாதான் முதலில் அசையாமல் நின்று யோசித்தார்.

"இருங்க சார். புதுசா சேர்ந்தா இலக்கு என்ன?"

"எட்டு."

"எத்தனை மாசத்துக்கு?"

"ஆறு மாசம்."

டாக்டர் தன் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சேர்க்கைப் படிவம் எங்க சார்?"

"ஆள் சேத்துவிட்டவருன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல என் பேரை எழுதுங்க" என்றார் சித்தப்பா. "அதுக்குத் தனித் தொகை."

அந்த மாதமும் டாக்டர் முப்பத்தொரு மெத்தைதான் விற்றார். எட்டு போக மிச்சம் இருபத்து மூன்றுக்கும் ஊக்கத்தொகை வந்தது. எட்டு வருடத்தில் அவர் வாங்கிய மொத்த ஊக்கத்தொகையைவிட அது அதிகம். அடுத்த வாரம் சித்தப்பா விலகினார். மேலாளர் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"சித்தப்பா, உங்களுக்கு என்னய்யா குறை?"

"ஒரு குறையும் இல்லை சார். நாளைக்குக் காலையில வந்துடுவேன். ஏழு வருஷமா பதின்மூணுல நிக்கிறேன், கால் வலிக்குது. உரை வேணாம், தலையணை மட்டும் போட்டுடுங்க."

ஆறு மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்த புதுசு, அவருடைய ஆலோசனையின்பேரில், முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம் என்று விலகிச் சேர்ந்தாள். சித்தப்பா பதின்மூன்றோடு நிற்கவில்லை. அவருக்கு இருபத்தாறு விற்கத் தெரியும் என்பது அந்த மாதம்தான் எல்லோருக்கும், அவருக்கும், தெரிந்தது. யாருக்கும் இடுப்பு பிடிக்கவில்லை. ஒருவரும் எதிர் வரிசைக் கடைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. காலை ஒன்பதே முக்காலுக்கு அதே மூன்று பேர் அதே வட்டத்தில் நின்றார்கள்.

வருடக் கடைசி நாளன்று மண்டல மேலாளர் நேரிலேயே வந்தார்.

"பாஸ், ஒன்பது."

"சார், ஒருத்தர்கூடப் போகல சார். எண்ணிப் பாருங்க, மூணு பேரும் அங்க நிக்கிறாங்க."

"அவங்க புது ஆளுங்க பாஸ். பிரமாதமா விக்கிறாங்க. இந்தக் கிளையில புதுசா சேர்றவங்க காட்டுற வேகத்தைப் பத்தித் தலைமை அலுவலகத்துல தனி அறிக்கையே போட்டிருக்காங்க. ஆனா பழைய ஆளுங்க எல்லாரையும் நீங்க விட்டுட்டீங்களே. ஒன்பது முதுகெலும்பு!" மேலாளருடைய பிரிவு உரைகளின் நகல்களும் தலைமை அலுவலகக் கோப்பில் போய்ச் சேர்ந்திருந்தன.

கண்ணாடி அறையை டாக்டருக்குத் தருவதாகச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். "உள்ள உக்காந்தா யாருக்கு எங்க வலிக்குதுன்னு கேக்காது சார்." புது மேலாளர் ஒருவர் வேறு கிளையிலிருந்து வருவதாக ஏற்பாடாயிற்று, பயிற்சி முகாம் முடிந்ததும் வருவாராம்.

பழைய மேலாளர் தன் குறிப்பேட்டோடு வெளியே வந்தார். நானும் விலகிப் புதிதாகச் சேரலாமா என்று மனிதவளக் குரலிடம் ரகசியமாகக் கேட்டுப் பார்த்தார். புதிதாகச் சேர உச்ச வயது நாற்பத்தைந்து என்றது குரல். அவருக்கு நாற்பத்தாறு. பத்தொன்பது வருட அனுபவம், அறையிலிருந்து இறங்குபவருக்கு வருடத்துக்கு இரண்டு என்ற விதிப்படி, அவருடைய மாத இலக்கு முப்பத்தெட்டு மெத்தை.

முதல் வாரம் அவர் ஸ்பிரிங்குகளின் எண்ணிக்கையை விளக்கினார். இரண்டாம் வாரம் நுரையின் அடர்த்தியை விளக்கினார். கேட்டவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். டாக்டர் இரக்கப்பட்டு, பாதி பேசி முடித்த வாடிக்கையாளர் ஒருவரை அவரிடம் ஒப்படைத்தார்; ஐந்து நிமிடத்தில் அந்த மனிதர் சோபாக் கடைக்குள் நுழைவதை எல்லோரும் பார்த்தார்கள். காலை பத்திலிருந்து இரவு எட்டுவரை நிற்க வேண்டும். பதினோரு வருடம் உட்கார்ந்தே இருந்த கால்கள். இரவு வீட்டில் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்து, "எத்தனை?" என்று கேட்பார். அவர் காலை வெந்நீருக்குள் விட்டுக்கொள்வார்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, மத்தியானம், ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் கனத்த சரீரம், கூச்ச சுபாவம். மனைவிக்கு ஒரே புகார்தான்.

"இவரு புரண்டா நான் ஒரு அடி மேல எழும்புறேன். அசையாத மெத்தை வேணும்."

"இதில் மொத்தம் எண்ணூற்று நாற்பது தனித்தனி ஸ்பிரிங்குகள்..." என்று ஆரம்பித்தார் பழைய மேலாளர்.

"எண்ணிக்கை எதுக்குங்க? இவரைப் படுத்துக் காட்டச் சொன்னா வெக்கப்படுறாரு. நீங்களும் இவரு சைஸ்தான் இருக்கீங்க. அந்தப் பக்கம் படுங்க, நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். சொல்றப்ப புரளுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். "புரளுங்க" என்றார் அந்த அம்மா, புரண்டார். மறுபடி புரளச் சொன்னார், புரண்டார். மூன்றாவது முறை சொன்னபோது அசைவு இல்லை. அந்த அம்மா எட்டிப் பார்த்தார். பிறகு கணவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார்.

"பாத்தீங்களா, கால் நிமிஷத்துல! இதையே கட்டச் சொல்லுங்க. பெரிய அளவு."

டாக்டர் சத்தமில்லாமல் பில் போட்டார். சித்தப்பா மணியைத் தொடாமல் விட்டார்.

அந்த மாதம் பழைய மேலாளர் பெயரில் ஏறிய விற்பனை அது ஒன்றுதான். அது நடந்து முடிந்தபோது அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.